பத்தொன்பது வினாடி வீடியோ

முதலில் நாங்கள் ஒரு வேப்பமரத்தைக் கொன்றோம்.

கிரிவலப் பாதையை ஒட்டி, அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால், ஏரிக்கரை மேல் நின்ற மரம் அது. தண்டிலிருந்து வெள்ளையாக ஏதோ வடிகிறது என்று யாரோ படம் அனுப்பினார்கள். வயதான வேம்பில் அப்படி வடிவதுண்டு. கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலக்கடலை போடும் குடும்பத்தில் பிறந்த எனக்கு அது தெரியும். ஆனால் நான் அப்போது திருவண்ணாமலையில் ஒரு யூடியூப் செய்திச் சேனலில் வீடியோ வெட்டி ஒட்டும் வேலையில் இருந்தேன். 'அம்மன் கண்ணீரா? அதிசய வேம்பு' என்று தலைப்பு வைத்தேன். பின்னணியில் உடுக்கைச் சத்தம் சேர்த்தேன். ஒரு வாரத்தில் ஜனங்கள் வேன் பிடித்து வந்தார்கள். மஞ்சள் துணி கட்டினார்கள். பிறகு, வீட்டில் வைத்தால் நல்லது என்று பட்டையை உரிக்க ஆரம்பித்தார்கள். நகத்தால், சாவியால், கத்தியால். கை எட்டும் உயரம் வரை மரம் தோலுரிந்து நின்றது. அந்தக் கோடையிலேயே காய்ந்து, ஒரு காற்றில் விழுந்தது. விழுந்ததையும் நாங்கள் போட்டோம். அதுவும் நன்றாக ஓடியது.

எங்கள் அலுவலகம் மாட வீதிக்குப் பின்னால் ஒரு லாட்ஜின் மாடியில் இருந்தது. இரண்டே அறைகள். முதலாளி முன்பு வீடு வீடாகக் கேபிள் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தவர். ஊரில் எந்தத் தெருவில் எந்த ஜாதி, யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் சேர்ந்த அன்றைக்கே அவர் சொன்னார்: "ரோடு சரியில்ல, தண்ணி வரலனு போட்டா நம்ம ஊரு மட்டும்தான் பாக்கும்மா. சாமினு போட்டா வெளியூர்க்காரனும் பாப்பான். சாமிக்கு எவனோ அசிங்கம் பண்ணிட்டான்னு போடு, பாத்துட்டு பத்து பேருக்கு அனுப்புவான்."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மூன்று வருடத்தில், ஊரில் எது பக்தி, எது அவமரியாதை என்பதை நாங்கள் சொல்லத் தொடங்கியிருந்தோம். கிரிவலப் பாதையில் ஒரு லிங்கத்துக்கு எதிரே சினிமாப் பாட்டு போட்ட டீக்கடையைப் படம் பிடித்துப் போட்டோம். மறுநாள் அந்த டீக்கடைக்காரரின் ஸ்பீக்கரைத் தரையில் போட்டு உடைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் பாதையில் நின்று ஆடி ரீல்ஸ் எடுத்தாள். நாங்கள் அதைப் போட்டதும் அவள் தங்கியிருந்த லாட்ஜுக்கே ஆட்கள் போய்விட்டார்கள். அவள் கைகூப்பி அழுது மன்னிப்புக் கேட்டதையும் நான்தான் எடுத்தேன். "கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க" என்று அவளிடம் சொன்னது என் குரல். அந்த வீடியோவில் அது இன்னமும் கேட்கும்.

ஒரு தோசைக்கடைக்காரரின் விஷயம் இதற்குப் பிறகு நடந்தது.

கிரிவலப் பாதையில் ஒரு தள்ளுவண்டியில் கணவனும் மனைவியுமாகத் தோசைக்கடை வைத்திருந்தார்கள். அடி அண்ணாமலைக்காரர்கள். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தாடி வைத்திருப்பார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு புங்கமரத்தடியில் காவி கட்டிய வயதான சாமியார் ஒருவர் பல வருடங்களாகப் படுத்திருந்தார். காலையில் முதல் தோசை அவருக்குத்தான் போகும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அவர்களைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்கு வந்தது ஒரு வீடியோ மட்டும்.

ஆட்டோவில் உட்கார்ந்திருந்த வெளியூர் அம்மா ஒருவர் எடுத்து எங்கள் எண்ணுக்கு அனுப்பியிருந்தார். இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கம்மி. தொடக்கத்தில் சாமியார் ஒரு தகர டப்பாவில் தண்ணீர் கொதிக்கவைக்க, காகிதமும் பிளாஸ்டிக்கும் குவித்துத் தீ மூட்டுகிறார். சரியாக வண்டியின் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில். கடைக்காரர் தோசைக்கல்லை விட்டு ஓடி வருகிறார். "சாமி, இங்க வேணாம் சாமி, சிலிண்டர் இருக்குது பாருங்க" என்று இரண்டு தடவை சொல்கிறார். சாமியார் கேட்கவில்லை. காற்றில் தீ ரப்பர் குழாய் பக்கம் சாய்கிறது. கடைக்காரர் காலால் தீயை எட்டி உதைத்துக் கலைத்து, சாமியாரை இரண்டு கையாலும் தள்ளுகிறார். சாமியார் மல்லாக்க விழுகிறார். கடைசி அரை நிமிடத்தில் அதே கடைக்காரர் அவரைத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முதுகைத் துடைத்துவிடுகிறார்.

முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"முன்னாடி இருக்கறது இன்னாத்துக்கு? ஒதைக்கிற எடத்துல ஆரம்பி. உழுந்த ஒடனே நிறுத்திடு."

"சார், தண்ணி குடுக்கிறாரே."

"அத யாரு பாப்பாங்க?"

வெட்டினேன். பத்தொன்பது வினாடி மிஞ்சியது. உதைக்கும் கால், தள்ளும் கை, விழும் காவி. காலைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். உதைப்பது தீயை என்பது அந்தக் கோணத்தில் தெரியவில்லை. சாமியாரையே உதைப்பதுபோல் இருந்தது. அந்த இடத்தை மட்டும் மூன்று முறை மெதுவாக ஓடவிட்டேன். 'கிரிவலப் பாதையில் சிவனடியார் மீது கொலைவெறித் தாக்குதல்' என்ற தலைப்பு முதலாளி கொடுத்தது. எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தது நான்.

மாலைக்குள் கீழே கருத்துகள் குவிந்தன. "கையை வெட்டணும்." "இவன் கடை இன்னும் நிக்குதா?" அதற்குள் ஒருவன் தாடியைப் பார்த்துவிட்டு, "ஆளு நம்ம ஆளே இல்ல, வேற மதம்" என்று எழுதினான். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். அவர் அடி அண்ணாமலைக்காரர், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற குடும்பம் என்று யாரோ ஒருவர் எழுதியதை எவரும் கவனிக்கவில்லை. பொய்யான கருத்தை நீக்கும் பொத்தான் என் கையில் இருந்தது. முதலாளியைக் கேட்டேன். "சண்டை போட்டாதாம்மா ஜாஸ்தி பேரு வருவாங்க, உடு" என்றார். விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளிக்கு ஒரு போன் வந்தது. பேசிவிட்டு என்னிடம் சொன்னார்: "பசங்க பதினோரு மணிக்கு அந்தக் கடையாண்ட போயி கேக்கப் போறாங்களாம். நீ போயி லைவ் போட்ரு."

'கேக்க' என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமலில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டேன். எதிர்ப்பக்கம் நின்று சிக்னல் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். கடைக்காரர் குனிந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். அவர் மனைவி என்னைப் பார்த்து, "இன்னாம்மா, வெயில்ல நிக்கிற? தோசை போடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். ஓடிப்போங்கள் என்று சொல்ல எனக்கு அப்போது முழுசாக எட்டு நிமிடம் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் லைவ் இருக்காது என்று நினைத்தேனா, அல்லது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நடப்பதுபோல் எல்லாவற்றையும் பார்த்துப் பழகிவிட்டேனா? இத்தனை நாள் யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

பதினைந்து பைக்குகள் வந்தன. முப்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. எல்லோரும் என் வயதுக்காரர்கள், அல்லது என்னைவிடச் சின்னவர்கள். முதலில் வந்தவன் பேசவே இல்லை. வண்டியை எட்டி உதைத்தான். சாம்பார்ப் பாத்திரம் சரிந்து அந்தப் பெண்ணின் காலில் கொட்டியது. அவர் அலறிய சத்தம்தான் லைவின் முதல் சத்தம்.

கடைக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டுக் கைகூப்பினார். "இன்னா தப்பு பண்ணேன், சொல்லுங்க தம்பி" என்றார். ஒருவன் அவர் தாடியைப் பிடித்து இழுத்தான். "சாமியார ஒதைக்கிறியாடா? எங்கேர்ந்துடா வந்த?" இரும்பு ஸ்டூலை எடுத்து அவர் முதுகில் அடித்தார்கள். அவர் விழுந்தார். விழுந்த பிறகு அடி இன்னும் வேகமாக விழுந்தது. செருப்புக் காலால் முகத்தில் மிதித்தார்கள். முட்டி எலும்பில் கட்டை படும்போது வரும் சத்தம் வேறு மாதிரி இருக்கும். அதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் மனைவி வெந்த காலோடு தவழ்ந்து வந்து, தாலியை எடுத்துக் காட்டினார். "நாங்க இந்த ஊருதாம்பா! மாரியம்மா சத்தியமா இந்த ஊருதாம்பா!" ஒருவன் அவரை முடியைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துப் போட்டான். இன்னொருவன் கடைக்காரரின் கழுத்தில் கால் வைத்து, "சொல்றா, அண்ணாமலைக்கு அரோகரா சொல்றா" என்றான். அவர் சொன்னார். ரத்தமும் எச்சிலுமாக, "அரோகரா, அரோகரா" என்றார். சொல்லச் சொல்ல அடித்தார்கள். அவர் சொல்வதை யாரும் கேட்கவில்லை. அவர்கள் என் போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் முடியைக் கோதிவிட்டுக்கொண்டு மறுபடி போய் உதைத்தான். "அக்கா, கிட்ட வந்து எடுங்கக்கா" என்று என்னைக் கூப்பிட்டான்.

நான் கிட்டே போனேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அப்போதுதான் ஒருவன் கீழே கிடந்த தோசைத்திருப்பியை எடுத்தான். அவர் கையால் முகத்தை மறைக்கப் பார்த்தார். அதற்குள் அதன் முனை இடது கண்ணில் இறங்கிவிட்டது. அவரிடமிருந்து சத்தம் வரவில்லை. உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

புங்கமரத்தடியிலிருந்து அந்தச் சாமியார் ஓடி வந்தார். ஓட முடியாத வயது. விழுந்து எழுந்து வந்து, கடைக்காரர் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். "அடிக்காதீங்கடா, எனக்குச் சோறு போடறவன்டா" என்று கத்தினார். அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. யாருக்காக வந்தார்களோ அவரையே அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் போட்ட வீடியோவில் அவருக்கு முகமே இல்லை. விழுகிற ஒரு காவித் துணி மட்டும்தான். "போலிச் சாமியாருடா, கூட்டுடா இவங்க" என்று எவனோ கத்தினான். கட்டை அவர் கையில் இறங்கியது. மணிக்கட்டு வேறு பக்கம் மடங்கித் தொங்கியது.

"இவருதாங்க அந்தச் சாமி!" என்று கத்தினேன். "இவரத்தான் தள்ளுனாரு! இவருதான்!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. போனைத் தாழ்த்தி லைவை நிறுத்தினேன். ஒருவன் திரும்பிப் பார்த்தான். "ஏன் நிறுத்துன? எடு." மாட்டேன் என்றேன். முஷ்டியால் என் வாயில் குத்தினான். வாய்க்குள் ஏதோ சின்னதாக உருண்டது. துப்பிப் பார்த்தேன், முன்பல்.

எதிரே இளநீர் விற்றுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் இளநீர் வெட்டும் கத்தியோடு சாலையைக் கடந்து ஓடி வந்தார்கள். அதற்கப்புறம்தான் கூட்டம் பைக்கில் ஏறியது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தவர்களும் அவர்கள்தான். வெளியூரிலிருந்து வந்தவர்கள் வெறும் காலோடு மலையைச் சுற்றிக்கொண்டே எங்களைக் கடந்து போனார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சிலர் போனை எடுத்தார்கள்.

அரசு மருத்துவமனையில் எனக்கு உதட்டில் தையல் போட்டார்கள். கடைக்காரரின் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. சாமியாருக்குக் கையில் கட்டு. மூன்றாம் நாள் நான் பெண்கள் வார்டுக்குப் போனேன். கடைக்காரரின் மனைவி காலில் மருந்துத் துணியோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"நீதான அந்த வீடியோ போட்டது?"

"ஆமாங்க்கா."

"உங்க ஆபீஸ்லேர்ந்து ஆட்டோ புடிச்சா பத்து நிமிஷம். ஒரு வாட்டி வந்து இன்னா நடந்துச்சுனு கேட்டியா?"

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"முன்னாடி நாளே எங்களுக்குத் தெரியும். பக்கத்துக் கடைக்காரன் அந்த வீடியோவக் காட்னான். ஓடிப் போயிடலாம்னு நான் சொன்னேன். சாமியே நம்மகூடதான இருக்காரு, வந்து கேட்டா அவரே சொல்லுவாருனு இவருதான் சொன்னாரு. கேக்க வருவாங்கன்னு நெனச்சோம்மா." மருந்துத் துணி சுற்றிய காலை இழுத்து வைத்துக்கொண்டார். "எதிர்ல வந்து நின்னியே, தோசை போடட்டான்னு கேட்டேனே, அப்பயாவது வாயத் தொறந்திருக்கக் கூடாதா?"

பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை என் மேல் எறிந்தார். நெஞ்சில் பட்டு விழுந்தது. நர்ஸ் வந்து என்னைப் போகச் சொன்னார்.

முதலாளி அதற்குள் பத்தொன்பது வினாடியையும் லைவையும் நீக்கிவிட்டிருந்தார். ஆனால் ஊர் முழுக்க எல்லோர் போனிலும் இரண்டும் இருந்தன. முழு வீடியோவும் என் போனில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி எழுதிக்கொடுத்தேன். முதலாளியும் சும்மா இருக்கவில்லை. அலுவலகக் கணினியிலிருந்து அதே முழு வீடியோவை எடுத்து, 'அதிர்ச்சி! வெளிவராத உண்மை' என்று போட்டார். முதலில் போட்டதைவிட அது ஜாஸ்தி ஓடியது. இப்போது ஜனங்களின் ஆத்திரம் சாமியார் பக்கம் திரும்பியது. சிலிண்டர் பக்கத்தில் தீ வைத்தவன், கஞ்சா சாமியார், இவனால் ஒருவருக்குக் கண் போனது என்று எழுதினார்கள். மருத்துவமனைக்கே ஆறேழு பேர் வந்து, எந்த வார்டு என்று விசாரித்திருக்கிறார்கள். ஒருவன் கட்டில் வரை போய் அவரைக் கன்னத்தில் அறைந்து அதையும் படம் பிடித்தான். அன்று மதியமே அவர் கட்டுப்போட்ட கையோடு வெளியே நடந்து போய்விட்டார். எந்தப் பக்கம் போனார் என்று வாசல் காவலாளிக்குத் தெரியவில்லை.

என் வீட்டிலும் அமைதி இல்லை. சாட்சி சொல்லப்போகிறேன் என்றதும் சித்தப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார். "நம்ம சாமிக்குன்னு போன பசங்க. அவங்கள உள்ள தள்ளப் போறியா? நாளைக்கி ஊருக்குள்ள எப்டி வருவ?" என்றார். என் அப்பா, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று எழுந்து சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "எம்பொண்ணு பல்ல ஒடச்சவன் எந்தச் சாமிக்குப் போனான்? சொல்லுடா." அண்ணன் தம்பி இருவரும் கூடத்தில் கட்டிப் புரண்டார்கள். அம்மா இருவர் மேலும் தண்ணீரைக் கொட்டினாள். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இல்லை.

நான் சேனல் வேலையை விட்டேன். இப்போது ஒரு இ-சேவை மையத்தில் சான்றிதழ்களுக்கு விண்ணப்பம் பதிகிறேன். கடைக்காரரும் மனைவியும் கிரிவலப் பாதைக்குத் திரும்பவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவர் மனைவியின் தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் இட்லிக்கடை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

வழக்கு விசாரணைக்கு வந்த அன்று, நீதிமன்ற வராந்தாவில் என் வாயில் குத்தியவன் என்னிடம் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, ஒழுங்காக முடி வெட்டியிருந்தான்.

"அக்கா, அந்த லைவை எங்கிருந்தாவது எடுத்துட முடியுமாக்கா? வீட்ல பொண்ணு பாத்துனு இருக்காங்க. பொண்ணு வூட்டுக்காரங்க அந்த லைவைப் பாத்துட்டாங்க."

"என்னால முடியாது" என்றேன். உண்மையாகவே முடியாது. அது எத்தனை பேரிடம் இருக்கிறதென்று எனக்கே தெரியாது.

"கோவத்துல அடிச்சிட்டேன்க்கா. மனசுல வெச்சுக்காதீங்க."

என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் சுற்றி வளைக்காமல் கேட்டார். "வீடியோவை வெட்டியது யார்?" நான்தான் என்றேன். "அவர் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்த பிறகா வெட்டினீர்கள்?" ஆமாம் என்றேன். "அப்படியானால் இந்த இளைஞர்களைத் தூண்டியது நீங்கள்தானே?" என்றார். ஆமாம், நானும்தான் என்றேன். பிறகு, திருப்பியை எடுத்தவனையும் கட்டையால் அடித்தவனையும் என்னைக் குத்தியவனையும் ஒவ்வொருவராகக் கை நீட்டிக் காட்டினேன். வெள்ளைச் சட்டைக்காரன் தலையைக் குனிந்துகொண்டான். வழக்கை வேறு தேதிக்கு ஒத்திவைத்தார்கள். இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. முதலாளியின் பெயரும் அதில் இருக்கிறது. அவர் இப்போது வேறு பெயரில் சேனல் நடத்துகிறார்.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் கடைக்காரரும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். தாடியை மழித்திருந்தார். மனைவி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தள்ளி நின்றேன். அவர் தலையை முழுசாகத் திருப்பி, நல்ல கண்ணால் என்னைத் தேடிப் பார்த்தார்.

"எம்மா, அந்தச் சாமி எங்கனா இருக்காரான்னு தெரியுமா?"

"தெரியலண்ணா. தேடிப் பாத்தேன். கிடைக்கல."

"கையில கட்டோட போனாரே. அத யாரு பிரிச்சு உட்டிருப்பாங்க?"

கீழ்பென்னாத்தூர் வண்டி வந்தது. கூட்டமாக இருந்தது. அவர் மனைவி அவருக்கு இடது பக்கமாக வந்து, இடிக்கிறவர்களை முழங்கையால் தள்ளிக்கொண்டே அவரைப் படியில் ஏற்றினார்.